உள்ளங்கையில் சிவக்காத இடம்

என் அண்ணியைப் பற்றி நான் நல்லவிதமாக எழுதுகிறேன் என்றால் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நாத்தனார் என்றாலே குறை சொல்லப் பிறந்தவள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. இருந்துவிட்டுப் போகட்டும். குறையும் சொல்கிறேன், மற்றதையும் சொல்கிறேன். அதில் எனக்குச் சேர வேண்டிய பங்கு ஒன்று இருக்கிறது. அதை அண்ணி எங்கேயும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால்தான் நானே உட்கார்ந்து எழுத வேண்டியதாகிவிட்டது.

எங்கள் இருவருக்கும் ஒரே கடை. சரியாகச் சொன்னால் ஒரே அறை. பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில், செருப்பு ரிப்பேர் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே, ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். வாசல் பக்கம் என் தையல் மெஷின். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்புப் பிடிப்பது, கிழிந்ததற்கு ஒட்டுப் போடுவது, இதெல்லாம் என் வேலை. உள்பக்கம் ஜன்னலோரமாக அண்ணியின் மேசை. நடுவில் ஒரு திரை. திரையைத் தைத்தது நான். அது ஒரு பக்கம் தொங்குகிறது என்று கடை திறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். தொங்குவது கம்பி, திரை இல்லை.

அண்ணி மருதாணி போடுகிறவள். என்னை அவள் 'ஊசி' என்று கூப்பிடுவாள். தொழிலை வைத்துக் கூப்பிடுவதாகச் சொல்லிக்கொள்கிறாள், ஆனால் என் வாயை வைத்துத்தான் என்பது கட்டடத்துக்கே தெரியும்.

அவள் மருதாணியில் ஆரம்பித்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் தெருமுனை பேக்கரியில் கேக்குக்கு கிரீம் போட்டுக்கொண்டிருந்தாள். பூ, இலை, ஓரத்தில் சரிகை மாதிரி வேலைப்பாடு, நடுவில் பெயர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பிறகு பேக்கரியில் ஒரு மெஷின் வாங்கினார்கள். சர்க்கரைத் தாளில் படத்தையே அச்சடித்துக் கொடுத்துவிடும், எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. அண்ணிக்கு வேலை போயிற்று. கிரீம் கோனைப் பிடித்த கை மருதாணிக் கோனைப் பிடிக்காதா என்று ஒரு நாள் தோன்றியிருக்கிறது. முதலில் மாட்டியது நான். என் கையில் பெரிதாக ஒரு ரோஜா போட்டாள். அச்சு அசல் கேக் ரோஜா. என் அம்மா பார்த்துவிட்டு, "இது பாக்கறதுக்கா, வெட்டிச் சாப்பிடறதுக்கா?" என்று கேட்டாள். அந்த ரோஜாவை அண்ணி அன்றைக்கே விட்டுவிட்டாள். மெல்லிய கோடுகளுக்கு மாறினாள். கை தானாகப் பழகியது.

அவளுடைய உண்மையான வியாதி வேறு. எதையும் அப்படியே ஏற்றுக்கொள்ள அவளால் முடியாது. ஏன், எதனால், எப்படி என்று தோண்டிக்கொண்டே இருப்பாள். மருதாணி ஏன் முதலில் ஆரஞ்சாக இருந்து, ஒரு நாள் கழித்து இருண்டு சிவக்கிறது? ஒருத்திக்குக் கருஞ்சிவப்பாகிறது, பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு ஏன் செங்கல் நிறத்தோடு நின்றுவிடுகிறது? பித்த உடம்பு என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது சரியா? பொடியைச் சலிக்க என் துணிகளில் மிக மெல்லியதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போவாள், கேட்டால், "இந்தத் துணியில சலிச்சா வேற மாதிரி வருதா பாக்கறேன்" என்பாள். எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, நாலைந்து சொட்டு நீலகிரித் தைலம் எல்லாம் விட்டுக் குழைத்து மூடி வைப்பாள். கலவையின் மேல்பக்கம் பழுப்பாக மாறினால் சாயம் இறங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் கோனில் அடைப்பாள்.

அவளிடம் வந்து உட்காருகிறவர்கள் பாவம். இரண்டு கையிலும் ஈரம். எழுந்து ஓடவும் வழியில்லை, போனை எடுத்து யாரிடமோ பேசுவதுபோல் பாவனை பண்ணவும் வழியில்லை. அண்ணி நிம்மதியாகப் பேசுவாள். வெயில் கொளுத்தும் நாடுகளில், படம் வரைய வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதற்கு முன்பே, உடம்புச் சூடு தணிய இந்த இலையை அரைத்துக் காலில் அப்பிக்கொண்டிருப்பார்கள், சாயம் ஒட்டியதைப் பார்த்த பிறகுதான் அழகு ஞாபகம் வந்திருக்கும் என்பது அவள் எண்ணம். ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முன்னால் பதப்படுத்தி வைத்த உடல்களின் முடியில்கூட இந்தச் சாயத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்பாள். கிழவர்களின் தாடிக்கு, தோல் பைக்கு, குதிரையின் பிடரிக்கும் வாலுக்கும்கூட இதே இலைதான் என்பாள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கிற பெண் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், முகம் போன போக்கு திரை இடுக்கில் எனக்குத் தெரிந்தது.

"அண்ணி, கல்யாணப் பொண்ணுகிட்ட குதிரை வாலைப் பத்திப் பேசாதீங்க."

"நீ உன் ஜிப்பைப் பாரு ஊசி."

அந்தப் பெண் பேச்சை மாற்ற, "நல்லா சிவந்தா வீட்டுக்காரர் பாசமா இருப்பார்னு சொல்றாங்களே, நெஜமாக்கா?" என்று கேட்டாள்.

"சிவக்கலேன்னா அவரை வேணாம்னு சொல்லிடப் போறியா? எலுமிச்சையும் சர்க்கரையும் கரைச்சுத் தொட்டுத் தொட்டு வை. மறுநாள் வரைக்கும் தண்ணி படாமப் பாத்துக்கோ. பாசம் தானா வரும்."

அண்ணியின் கை எப்போதும் நன்றாகச் சிவக்கும். அதற்குக் காரணம் என் அண்ணனின் பாசம் என்று சொன்னால், என் அண்ணனைத் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவன் பஸ் டிரைவர். பேச்சு குறைவு. மனைவியின் ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுத்தவன். இது விளையாட்டுப் பேச்சு இல்லை. ஒரு லீவு நாளில் அவனைப் பாயில் படுக்க வைத்து, பாதம், குதிகால், கணுக்கால், முழங்கால், தொடை, வயிறு, தோள், முழங்கை, உள்ளங்கை என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொட்டு வைத்தாள். எல்லாம் ஒரே கலவை, ஒரே அளவு, ஒரே நேரம் காய்ந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பாதத்திலும் உள்ளங்கையிலும் நல்ல ரத்தச் சிவப்பு. முழங்கையில் பரவாயில்லை. தொடையிலும் வயிற்றிலும் ஆறிப்போன தேநீரின் நிறம், அவ்வளவுதான்.

அந்த வாரம் பார்த்து அவனுக்கு வேலையில் உடல் பரிசோதனை வந்து தொலைத்தது. சட்டையைக் கழற்றியதும் டாக்டர் இரண்டடி தள்ளி நின்று, "எத்தனை நாளா இப்படி இருக்கு? வீட்ல வேற யாருக்காவது வந்திருக்கா?" என்று கேட்டாராம். "இது என் சம்சாரம்ங்க" என்று சொல்லியிருக்கிறான் மகாராசன்.

அண்ணிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவள் வேறு ஒன்றில் மூழ்கியிருந்தாள். "முன்னெல்லாம் கோன் கிடையாது, டிசைன் கிடையாது. விரல் நுனியில தொப்பி மாதிரி வெப்பாங்க, உள்ளங்கை நடுவுல ஒரு வட்டம். அவ்வளவுதான். ஏன் அங்க மட்டும் வெச்சாங்கன்னு இப்பப் புரியுது ஊசி. தோல் எங்க தடிமனோ, சாயம் எங்க நல்லாப் பிடிக்குமோ, அந்த இடமாப் பாத்து வெச்சிருக்காங்க. யாரும் அவங்களுக்குப் பாடம் எடுக்கல. பாத்தே கண்டுபிடிச்சிருக்காங்க." இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். தொலைந்த நகை கிடைத்தவள்கூட அவ்வளவு சந்தோஷப்பட மாட்டாள். எனக்கும் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

இவ்வளவு தெரிந்தவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள்.

போன வருடம் ஒரு புதன்கிழமை மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து பேக்கரிக்காரரின் மூத்த மகள் வந்தாள். அண்ணி அங்கே வேலை பார்த்த காலத்தில் அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், இப்போது கல்லாவில் உட்காருகிறாள். அண்ணி இன்னும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய வலது கை எப்போதும் மூடியே இருக்கும். ரொட்டிப் பையை விரல் நுனிகளால் பிடித்துத் தருவாள். சின்ன வயதில் சூட்டோடு இறக்கி வைத்த அடுப்புத் தட்டைப் பிடித்துவிட்டாள் என்பதும், ஆபரேஷன் நடந்தது என்பதும் தெருவுக்கே தெரியும். ஆனால் அந்த உள்ளங்கையைப் பார்த்தவர்கள் கிடையாது. பக்கத்தில் நின்று வருடக்கணக்காக கிரீம் போட்ட அண்ணியே பார்த்ததில்லை. எதையும் தோண்டுகிறவள், அதை மட்டும் கேட்காமல் விட்டிருந்தாள். அந்த மட்டுக்கும் அவளுக்கு விவரம் உண்டு.

"ஞாயித்துக்கிழமை தங்கச்சிக்குக் கல்யாணம் அக்கா."

"தெரியுமே. பத்திரிகை வந்திருக்கே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் போடப் போறேனே."

"அதுக்கு முன்னால எனக்கு மட்டும் இங்க போடணும்." திரையைத் திரும்பிப் பார்த்தாள். நான் மெஷினை ஓட்டினேன், துணி இல்லாமலே.

அவள் மெதுவாகச் சொன்னாள். சொந்தத்தில் எந்தக் கல்யாணத்திலும் இவளுக்கு உள்ளங்கையில் போடமாட்டார்களாம். "நீ திருப்பு, உனக்கு இந்தப் பக்கம்" என்று புறங்கையில் ஒரு கொடியை ஓட்டிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டுவிடுவார்களாம். கெட்ட எண்ணத்தில் இல்லை, சங்கடப்படக் கூடாது என்றுதான். ஆனால் எல்லாப் பெண்களும் உள்ளங்கைகளை வட்டமாகச் சேர்த்து ஒரு போட்டோ எடுப்பார்கள் இல்லையா, அந்த நேரத்துக்கு இவள் தண்ணீர் கொண்டுவரப் போய்விடுவாள். ஒவ்வொரு தடவையும். "இது என் கூடப்பிறந்தவ கல்யாணம்க்கா. இதுலயும் தண்ணி எடுக்கப் போக முடியாது."

சொல்லிவிட்டுக் கையை விரித்தாள். நான் மெஷினை நிறுத்திவிட்டேன், என்னையும் அறியாமல்.

திரை இடுக்கில் எட்டிப் பார்த்தேன், பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. உள்ளங்கையின் வெளிறிய தோலுக்கு நடுவே, கட்டைவிரல் மேட்டிலிருந்து சுண்டுவிரல் பக்கம் வரை, மாநிறத்தில் ஒரு திட்டு. ஒரு பக்கம் வளைந்து, ஒரு பக்கம் கூராக, பாதி கடித்த பேரிக்காய் மாதிரி. கைரேகைகள் அதன் ஓரம் வரை வந்து நின்றுவிட்டிருந்தன. அதன்மேல் பூனைமுடிகூட இருந்தது.

"மறைஞ்சிடுமா அக்கா?"

"உள்ளங்கைதானே? உடம்புலயே அது மாதிரி சிவக்கிற இடம் கிடையாது. சுத்தி இருக்கறதும் இதுவும் ஒரே நிறமாயிடும். ஞாயித்துக்கிழமை எங்க இருக்குன்னு நீயே தேடணும்." அண்ணி அவ்வளவு உறுதியாகச் சொன்னாள். வலை மாதிரி நெருக்கமான ஒரு டிசைனைத் திட்டின் மேலேயே ஓட்டி, ஓரம் எங்கே என்று தெரியாதபடி கை முழுவதும் நிரப்பினாள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. அந்தப் பெண் இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்தபடி, முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு, சிரித்த முகமாகப் போனாள்.

வியாழக்கிழமை கை முழுக்க ஆரஞ்சு. அது எல்லோருக்கும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் பூட்டைத் திறப்பதற்குள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கை மூடியிருந்தது. கண் வீங்கியிருந்தது.

விரித்துக் காட்டினாள். சுற்றிலும் கருஞ்சிவப்பு. அண்ணி அதைப் பற்றிச் சொன்னது அத்தனையும் பலித்திருந்தது. நடுவில் அந்தத் திட்டு மட்டும் சிவக்கவே இல்லை. வெளிறிய ஆரஞ்சுக் கோடுகளோடு, முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. நேற்று வரை தேடிப் பார்த்தால் தெரிகிற திட்டு, இன்று தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் தெரியும். போட்டது அழிய வாரக்கணக்கில் ஆகும். கல்யாணத்துக்கு இருந்ததோ இரண்டு நாள்.

"ஒண்ணுமே தெரியாதுன்னீங்களேக்கா."

அண்ணி அந்தக் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பெண் பையிலிருந்து ஒரு கோனை எடுத்து மேசைமேல் வைத்தாள். கடையில் விற்கிற கறுப்புக் கோன், பத்து நிமிடத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் ரகம். "இதைப் போட்டுவிடுங்க. எல்லாம் ஒரே கறுப்பா ஆயிடும். நீங்க போடலேன்னா நானே போட்டுக்கறேன்."

அண்ணி தன் இடது பக்கச் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினாள். அங்கே வெள்ளையாக, ஓர் இலை வடிவத்தில் ஒரு தழும்பு உண்டு. "பாத்தியா? இது மருதாணி இல்ல. மருதாணி எதுவும் இவ்வளவு கறுப்பா வராது. தலைக்கு அடிக்கிற சாயத்தைக் கலந்து விக்கறாங்க. எப்படித்தான் இருக்குன்னு எனக்கே போட்டுப் பாத்தேன். ஒரே வாரத்துல கொப்பளம் கொப்பளமா வந்து, அந்த இலையோட ஓரம்கூட மாறாம அப்படியே தழும்பாயிடுச்சு. என்கிட்ட நல்ல தோல் இருந்துச்சு, தாங்கிச்சு. உன் கையில இருக்கறது ஒரு தடவை ஒட்டவெச்ச தோல்டா பாப்பா." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஆமா, அதை எங்கேருந்து எடுத்தாங்க?"

"எதை?"

"அந்தத் தோலை."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "தொடையிலேருந்து."

அண்ணி தன் தலையில் தானே ஒரு அடி வைத்துக்கொண்டாள், சத்தம் கேட்கிற மாதிரி. "உள்ளங்கையில முடி முளைக்குமா? கண்ணால பாத்தேனே! பாத்துட்டுமா எனக்குத் தோணல?"

சரியாக அந்த நேரத்தில் என் அண்ணன் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டுப் போக உள்ளே வந்தான். அண்ணி அவனைப் பார்த்ததும், "என்னங்க, உங்க தொடையில போட்டேனே, அது என்ன நிறத்துல வந்துச்சு? ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். ஒரு வயசுப் பெண் முன்னால். அவன் வாசலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தூக்கைத் தரையில் வைத்தான்.

"டீ மாதிரி" என்றான். "ஆறின டீ."

சொல்லிவிட்டு இறங்கி ஓடிவிட்டான். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்தால் மூக்கொழுகும், நான் ஒரு வெட்டுத்துணியை எடுத்துக் கொடுத்தேன். பிறகு அண்ணி அந்தத் திட்டைச் சுட்டுவிரலால் தொட்டுப் பார்த்தாள். இடம் மாறி இத்தனை வருடமாகியும், உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தும், அந்தத் தோல் தான் தொடைத் தோல் என்பதை விடவில்லை என்று மெதுவாகச் சொன்னாள். அவள் குரலில் வருத்தமும் இருந்தது, வியப்பும் இருந்தது. அவளால் வியக்காமல் இருக்க முடியாது, அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

"அப்ப இதுக்கு வழியே இல்லையா?"

"இன்னொரு தடவை போட்டா கொஞ்சம் ஏறும். ஆனா சுத்தி இருக்கற நிறத்துக்கு வரவே வராது. என்ன பண்ணினாலும் ரெண்டு நிறமாத்தான் இருக்கும்."

இங்கேதான் நான் வருகிறேன். தயவுசெய்து கவனிக்கவும்.

பருத்தி பேன்ட்டில் வேறு துணியை ஒட்டுப்போட்டுச் சாயத்தில் முக்கினால், பேன்ட் ஒரு நிறமாகும், ஒட்டு இன்னொரு நிறமாகும். இதற்காக எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்! அப்படிப்பட்ட ஒட்டை ஒளிக்கப் பார்த்தால் திருட்டுத் தையல் மாதிரி இருக்கும், பார்க்கிறவன் கண் நேரே அங்கேதான் போகும். ஓரத்தை அழுத்தமான நூலால் சுற்றித் தைத்துவிட்டால், வேண்டுமென்றே போட்டது என்று நினைப்பார்கள். போன மாதம்கூட ஒருவர் ஒட்டுக்காகவே பேன்ட் வாங்கினதுபோல் நடந்து போனார். திரையை விலக்கிக்கொண்டு போய் இதைச் சொன்னேன்.

அண்ணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், அடிக்கடி கிடைக்கிற பொருள் இல்லை அது.

ஆனால் அந்தப் பெண் கையை மூடிக்கொண்டாள். "இதை மறைக்கத்தானே வந்தேன்? நீங்க கோடு போட்டுக் காட்டறேங்கறீங்க."

நியாயமான கேள்வி. அவள் கறுப்புக் கோனை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினாள். அண்ணி அதைப் பிடுங்கவில்லை. பிடுங்குவாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். சுருட்டிய சட்டையை இறக்கிவிடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் அந்த இலைத் தழும்பையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கோனைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மேசைமேல் விரித்தாள்.

"போடுங்க. யாராவது கேட்டா என்ன சொல்றது?"

"ரெண்டு விதமான பொடின்னு சொல்லிக்கலாம். நீ வாயே திறக்க வேணாம். நான் பாத்துக்கறேன்."

அண்ணி அன்றைக்கு வேலை செய்ததை நான் மெஷினை ஓரம் கட்டிவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தேன். திட்டின் ஓரத்தைக் கொஞ்சமும் பிசகாமல், அதன் வளைவிலேயே போய், தடித்த கோடாகச் சுற்றினாள். அதற்கு வெளியே இருந்த இடத்தையெல்லாம், பழைய வலையின் இடைவெளிகளையும் சேர்த்து, அழுத்தமாக நிரப்பினாள். உள்ளே பழைய கோடுகளின் மேலேயே மயிரிழை மாதிரி மறுபடி ஓட்டி, சின்னச் சின்ன நரம்புகளைச் சேர்த்தாள். கூரான பக்கத்தில் ஒரு காம்பு வைத்தாள். பாதி கடித்த பேரிக்காயாக எனக்குத் தெரிந்த திட்டு இருட்டுக்கு நடுவே வெயில் பட்ட ஓர் இலையாகிவிட்டது. குதிரைப் பேச்சும் இல்லை, தாடிப் பேச்சும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன், அண்ணி, நான் மூவரும் கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்தில் அந்தப் பெண் ஓடியாடி வேலை செய்தாள். கை மூடித்தான் இருந்தது. எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. போட்டோக்காரர், "பொண்ணுங்க எல்லாரும் வாங்க, கையைச் சேருங்க" என்று கூப்பிட்டதும் அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் தண்ணீர்க் குடம் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவள் தங்கை, மணப்பெண், கூட்டத்தை விலக்கித் தனக்குப் பக்கத்தில் ஓர் இடம் பண்ணினாள். இவள் போய் நின்றாள். கைகள் வட்டமாகச் சேர்ந்தன. ஒரு கை மட்டும் மூடியிருந்தது. பிறகு அதுவும் விரிந்தது.

போட்டோ முடிந்ததும் மாப்பிள்ளையின் அத்தை அந்தக் கையை லபக்கென்று பிடித்துக்கொண்டார். கனத்த குரல், கனத்த வளையல்கள். "இங்க பாருங்களேன்! ஒரே கையில ரெண்டு நிறம்! எல்லாம் ஒரே நிறமா இருக்கு, இது மட்டும் இலை மாதிரி தனியா நிக்குது. இது எப்படிம்மா போட்டாங்க?" நாலு தலைகள் குனிந்தன. அண்ணி என்னை இழுத்துக்கொண்டு விரைந்தாள். "அது வந்துங்க, பொடியில ரெண்டு விதம் இருக்கு…"

"பொடி ஒண்ணுதாங்க" என்றாள் அந்தப் பெண். "தோல்தான் ரெண்டு."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அத்தைக்குப் புரியவில்லை. அந்தப் பெண் கையை இழுத்துக்கொள்ளாமலே சொன்னாள். "சின்ன வயசுல சூட்டுத் தட்டைப் பிடிச்சிட்டேன். இது என் தொடையிலேருந்து எடுத்து வெச்சது. அது அவ்வளவா சிவக்காது." அத்தை கையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, தன் இன்னொரு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்த இலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "வலிக்குமா?" என்று கேட்டார். "இல்லைங்க. கூச்சமா இருக்கும்" என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் அழுதேன். வெட்கமில்லாமல், என் அண்ணனின் சட்டைக் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அண்ணி அழவில்லை. அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். "ஊசி, நிறம் போகும்போது எது முதல்ல போகும்? உள்ளங்கையா, இலையா? கை கழுவிட்டே இருக்கறா, உள்ளங்கை சீக்கிரம் தேயும். ஆனா அந்தத் தோல் மெலிசு…" அங்கேயே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, வாரம் ஒரு தடவை கடைக்கு வந்து கையைக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

இதற்குப் பிறகு இரண்டு நிறத்தில் போடச் சொல்லி கடைக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முடியாது என்று அண்ணி சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். அவர்களையெல்லாம் பேக்கரிக்கு அனுப்பிவிடுகிறாள். அங்கே கல்லாவிலிருந்து ஒரு கை விரிந்து, விளக்கம் சொல்லி, அப்படியே ஒரு ரொட்டியையும் விற்றுவிடுகிறதாம்.

வியாழக்கிழமைகளில் அந்தப் பெண் கடைக்கு வருவாள். பையை என் மெஷின்மேல் வைத்துவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், ஜன்னல் வெளிச்சத்தில் கையை மேசைமேல் விரிப்பாள். முதலில் மங்கியது இலைதான். மற்றதும் போய் இப்போது பல மாதம் ஆகிவிட்டது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை, அதே பழைய திட்டும் பூனைமுடியும்தான். அண்ணி ஒன்றும் கேட்பதில்லை, குனிந்து பார்க்கிறாள். அவளும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்து கையை விரிக்கிறாள்.